தரை யாருடையது? அரசுக் குடியிருப்பில் வாடகைதாரர் உரிமையாளரான வரலாறு

(ஆரணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆரணிக்கு அழைத்துவிட்டு, பட்டு நெசவைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கட்டாயப்படுத்தாததில் எனக்கு நிம்மதி. இந்த ஊரில் நான் பட்டு நெசவைப் பற்றிப் பேசினால் முன்வரிசையில் இருப்பவர்கள் வரிக்கு வரி திருத்த வேண்டியிருக்கும். நான் எடுத்துக்கொண்டது வேறு பொருள். அரசு கட்டிக் கொடுத்த வீட்டில் வாடகைக்கோ தவணைக்கோ குடியேறியவர்கள் அந்த வீட்டையே விலைக்கு வாங்கிய வரலாறு. சென்னை, சிங்கப்பூர், லண்டன், இலங்கை மலையகம் என்று பல ஊர்களுக்குப் போய்வர வேண்டியிருக்கும். ஆனால் அளவுகோலை இந்த ஊரிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். அது தறிக்குழி.

உங்களுக்குத் தெரிந்ததுதான், வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். குழித்தறியில் நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிக்கிறார். பாவு அவருக்கு எதிரே வீட்டின் நீளத்துக்கு ஓடுகிறது. மண்ணின் குளுமை நூலுக்கு இதம். மழைக்காலத்தில் அதே மண் பகையாகிவிடும்; குழியில் ஊற்றெடுத்துத் தறி நாள்கணக்கில் நிற்கும். இப்போது வாடகை வீட்டில் இருக்கும் நெசவாளரை நினைத்துப் பாருங்கள். அவர் வீடு தேடும்போது அறைகள் எத்தனை என்று பிறகுதான் கேட்கிறார். குழி தோண்ட விடுவார்களா என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக்காரர் சம்மதித்தால் தொழில் உண்டு. காலி செய்யும்போது குழியை மூடி, மேலே சிமென்ட் பூசிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சமையலுக்கும் படுக்கைக்கும் வாடகை வீடு போதும். தரையைத் தோண்டுவதற்கு உரிமை வேண்டும். வீட்டை விற்றோம், வாங்கினோம் என்று எந்த நாட்டுக்காரர் சொன்னாலும், விற்கப்பட்டது சுவரா, தரையா, அல்லது வெறும் ஆண்டுக் கணக்கா என்று கேட்க வேண்டும். இன்று நான் சொல்லப்போவது இவ்வளவுதான்.

நம் மாநிலத்துக் கதை நாற்பதுகளில், சென்னை நகர மேம்பாட்டு டிரஸ்டில் தொடங்குகிறது. சி.ஐ.டி. நகர் என்று இன்றும் சென்னையில் ஒரு பகுதி இருக்கிறதே, அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த டிரஸ்டின் ஆங்கிலப் பெயரெழுத்துகள்தான். 1961இல் தனிச் சட்டம் இயற்றி அதன் இடத்தில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியத்தைக் கொண்டுவந்தார்கள். அப்போது நாடு முழுவதும் அரசு வீடு என்றால் பெரும்பாலும் வாடகை வீடு என்றே பொருள். 1952இல் மத்திய அரசு தொடங்கிய தொழிலாளர் வீட்டுத் திட்டமும் மானிய வாடகையை நம்பியது. ஆலைத் தொழிலாளி வேலையில் இருக்கும் வரை குறைந்த வாடகையில் இருப்பார், பிறகு அடுத்தவர் வருவார் என்ற கணக்கு. கணக்கு நடைமுறையில் நிற்கவில்லை. வந்த வாடகை கூரை ஒழுகுவதைச் சரிசெய்யவே போதவில்லை. வாடகையை ஏற்ற எந்த அரசுக்கும் துணிவில்லை. வாடகை கட்டாதவரை வெளியேற்ற அதைவிடத் துணிவில்லை. 1970இல் மத்திய அரசின் ஹட்கோ வந்தது. அது கடன் கொடுக்கும் நிறுவனம். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டுமென்றால் வாரியத்துக்கு வீட்டிலிருந்து பணம் திரும்ப வேண்டும். அதற்கு வாடகையைவிடத் தவணை வசதியானது. வீட்டு வசதி வாரியம் நடுத்தர வகுப்புக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவுக்கும் தவணை முறையில் விற்கும் நிறுவனமாக மாறியது இப்படித்தான். அரசு ஊழியர் வாடகைக் குடியிருப்புகள் மட்டும் வாடகையாகவே நின்றன.

தவணையில் வீடு வாங்கிய குடும்பத்தில் இரும்புப் பெட்டிக்குள் ஒரு பழைய காகிதக் கோப்பு இருக்கும். அதைப் பிரித்துப் பார்ப்போம். மேலே ஒதுக்கீட்டு ஆணை. அதில் வீட்டின் விலை போட்டிருக்கும்; விலைக்கு முன்னால் ‘தற்காலிக’ என்ற சொல் இருக்கும். வாங்குகிற ஆர்வத்தில் அந்தச் சொல்லை யாரும் கவனிப்பதில்லை. அடுத்து மாதத் தவணை கட்டிய ரசீதுகள், கட்டுக் கட்டாக. நடுவே ஒரு மாதம் தவறியதற்கான அபராத வட்டிக் கணக்கு. பெரியவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழ். கடைசியாக ஒரு கடிதம்: தவணைகள் முடிந்துவிட்டன, ஆனால் நிலம் கையகப்படுத்தியதற்கான இழப்பீட்டை நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது, ஆகவே இறுதி விலைப்படி இன்னும் இவ்வளவு செலுத்த வேண்டும். நிலத்தைக் கொடுத்த விவசாயி கூடுதல் விலை கேட்டு வழக்குப் போட்டது நியாயம். அந்த வழக்கு இருபது ஆண்டு நடந்ததற்கு வீடு வாங்கியவர் காரணமல்லர். என்றாலும் கிரையப் பத்திரம் நின்றுபோவது அவருக்குத்தான். வட்டித் தள்ளுபடி அறிவிப்புகள் பல முறை வந்திருக்கின்றன. அறிவிப்பு வந்ததும் மண்டல அலுவலகங்களில் கூட்டம் கூடும். சிலர் பத்திரத்தோடு வெளியே வருவார்கள், மற்றவர்கள் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பார்கள்.

இது சம்பளக்காரர்களின் கதை. ஏழைகளின் கதை குடிசை மாற்று வாரியத்தில் இருக்கிறது. கலைஞர் கருணாநிதி முதல்வராக இருந்தபோது 1970இல் அந்த வாரியம் அமைந்தது. 1971இல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது அதன் முழக்கம். குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நொச்சிக்குப்பத்தில் மெரினாவைப் பார்த்தபடி நின்ற அடுக்குகள் நினைவிருக்கலாம். ஒரு வீடு ஏறத்தாழ 230 சதுர அடி. இந்தியாவில் அக்காலத்தில் வேறெந்த மாநிலமும் இவ்வளவு துணிவாக, குடிசையில் இருந்தவரை நகரத்தின் நடுவிலேயே வைத்து மாடி கட்டித் தரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தப் பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. முதலில் சொற்ப வாடகை. பின்னர் குடியிருப்போருக்கே தவணை முறையில் உரிமையாக்குவது என்ற கொள்கை வந்தது. வாடகை கட்டிய அதே சன்னலில் தவணை கட்டினார்கள்.

பத்திரம் எங்கே என்று கேட்டால்தான் சிக்கல் தெரியவரும். வாரியம் கட்டடம் கட்டிய நிலங்களில் பல வாரியத்துடையதே அல்ல. ஒன்று மாநகராட்சி நிலம், ஒன்று பொதுப்பணித் துறை நிலம், ஒன்று கோயில் நிலம். குடிசைகள் நின்றது அங்கே; ஆகவே மாடிகள் எழுந்ததும் அங்கே. நிலத்தை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றும் கோப்பு ஒரு மேசையில் உட்கார்ந்தால் அதை எழுப்ப ஆள் கிடையாது. இரண்டுமே அரசுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரே வீட்டில் இரண்டு அண்ணன் தம்பிகள் பாகம் பிரிப்பதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். விற்பவருக்கே இல்லாத உரிமையை வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்க எந்தச் சார்பதிவாளரும் சம்மதிக்க மாட்டார். ஆகவே தவணை முழுவதும் கட்டி முடித்தவர்கள் கூட வாடகைதாரரும் இல்லாமல், உரிமையாளரும் இல்லாமல், ஒதுக்கீட்டுதாரர் என்ற பெயரோடு நின்றார்கள். மகள் திருமணம், மருத்துவச் செலவு என்று அவசரம் வந்தபோது முத்திரைத்தாளில் எழுதிக் கைமாற்றிவிட்டுப் போனவர்களும் உண்டு. வாங்கியவர் மீண்டும் ஒருவருக்குக் கைமாற்றியிருப்பார். இன்று அந்தக் கதவைத் தட்டி யார் உரிமையாளர் என்று கேட்டால் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, பத்திரத்தில் சுணக்கமே இல்லாமல் விற்ற நாடு பிரிட்டன். அங்கே நகராட்சிகள் கட்டிய வாடகை வீடுகள் ஏராளம். மார்கரெட் தாட்சர் அரசு 1980இல் கொண்டுவந்த வீட்டுச் சட்டம், குடியிருப்பவர் கேட்டால் நகராட்சி விற்றே ஆக வேண்டும் என்றது. மூன்று ஆண்டு குடியிருந்தால் சந்தை விலையில் 33 விழுக்காடு தள்ளுபடி. நீண்ட நாள் குடியிருந்தால் 50 வரை. பிறகு தள்ளுபடியை இன்னும் உயர்த்தினார்கள். இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் கைமாறின. வாங்கிய குடும்பங்களுக்கு அது வாழ்நாள் வாய்ப்பு; கதவுக்குப் பிடித்த வண்ணம் அடிப்பதே முதல் வேலையாக இருந்ததாம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. குறை விற்ற பணத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தை முழுவதும் புது வீடு கட்டச் செலவிட நகராட்சிகளை அரசு அனுமதிக்கவில்லை. விற்ற வேகத்தில் கட்டவில்லை. விற்ற வீடுகளில் கணிசமானவை மறுவிற்பனையில் தனியார் வாடகைக்குப் போயின. ஒரு தலைமுறை கழித்து, வீடற்றவரைத் தங்கவைக்க அதே வீடுகளுக்கு நகராட்சிகளே வாடகை கொடுக்கும் வேடிக்கையும் நடந்தது. ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இந்த உரிமையை முடித்துக்கொண்டன.

சிங்கப்பூரைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர் அங்கே போய் வந்திருப்பார். அங்குள்ள தமிழர்கள் வீவக என்று சுருக்கமாகச் சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கியது. முதலில் வாடகை. 1964இல் விற்பனைத் திட்டம் அறிவித்தார்கள், கூட்டம் அலைமோதவில்லை. 1968இல், தொழிலாளியின் மத்திய சேமநிதியிலிருந்து வீட்டுத் தவணையைக் கட்டலாம் என்று மாற்றினார்கள். கதை திரும்பியது அங்கேதான். கையில் வாங்கும் சம்பளம் குறையாமலே வீடு சொந்தமாகிறது என்றால் யார் விடுவார்? இன்று அந்நாட்டு மக்களில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் உரிமையாளர்கள். பிரிட்டன் விற்றுவிட்டுக் கையைக் கழுவியது, சிங்கப்பூர் விற்றுக்கொண்டே கட்டியது. அதற்கு முதுகெலும்பு, 1966ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தால் தரை அரசின் கைக்கு வந்ததுதான். அந்தத் தரையை அரசு விற்கவில்லை. வாங்கியவருக்குக் கிடைத்தது 99 ஆண்டுக் குத்தகை. முதல் வீடுகளின் குத்தகை 2060களில் முடிகிறது. வீட்டுக்கு வயது ஏறும்போது விலை இறங்குமே, கடைசியில் என்ன ஆகும் என்ற கவலை அங்கே இப்போது சாப்பாட்டு மேசைப் பேச்சு. 2018இல் பிரதமர் லீ சியன் லூங், குத்தகை முடிவதற்கு முன்பே வட்டாரம் வட்டாரமாக வாக்கெடுத்து அரசு திரும்ப வாங்கும் ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து இலங்கை. அங்கே 1973இல் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் வந்தது. கொழும்பில் பல வீடுகள் வைத்திருந்தவர்களின் உபரி வீடுகளை அரசு எடுத்து, குடியிருந்தவர்களுக்கே விற்றது. அதே பத்தாண்டில் தேயிலைத் தோட்டங்களும் அரசுடைமையாயின. அப்படியானால் தோட்டத்து லயன்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருந்த நம் மலையகத் தமிழர்களுக்கும் வீட்டுக்காரர் அரசுதானே? கொழும்பு வாடகைதாரர் உரிமையாளராக முடிந்தபோது, பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் அறையில் தலைமுறைகளாக இருந்தவருக்கு அந்த வழி திறக்கவில்லை. அந்த அறை வேலையோடு கட்டப்பட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அன்று குடியுரிமையே இல்லை. ஏழு பேர்ச் அளவு நிலமும் தனி வீடும் என்ற பேச்சு அரசின் திட்டமாக வர இந்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு வரை காத்திருந்தார்கள். இன்னும் பெரும்பகுதியினர் லயன்களில்தான்.

இப்போது மறுபடியும் சென்னை. உலக வங்கிக் கடனோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், வீட்டைக் கட்டித் தருவதற்குப் பதிலாக மனையைப் பிரித்துத் தந்தார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர். தெரு, குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பம் அரசின் பொறுப்பு. மிக ஏழைகளுக்கான மனை ஒன்றரைச் சென்ட் கூட வராது. அதில் ஒரு கழிப்பறையும் ஒரு சுவரும் இருக்கும். மிச்சத்தைக் குடும்பம் தன் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ள வேண்டியது. முதலில் பார்க்கச் சகிக்கவில்லை. பாதி மனை காலி, பாதியில் ஓலைக் கொட்டகை. திட்டம் தோற்றது என்று எழுதிவிட்டு உலக வங்கியும் பிறகு அந்த வழியைக் கைவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் திரும்பிவந்து பார்த்தபோது, அவை ஏழையும் நடுத்தர வகுப்பும் கலந்து வாழும் உயிருள்ள வட்டாரங்களாக வளர்ந்திருந்தன. ஓலை போய்க் காரை, காரைக்கு மேல் மாடி, கீழே தையல் கடையோ மாவு மெஷினோ, மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். தரை கையில் இருந்தது. குடும்பம் வளர்ந்தபோது வீடும் வளர்ந்தது. 230 சதுர அடி மாடி வீட்டுக்காரரால் பால்கனியை அடைத்து ஓர் அறை ஆக்கத்தான் முடிந்தது. அதற்கும் நோட்டீஸ் வரும்.

ஏன் நெசவாளருக்கு மாடிக் குடியிருப்பு ஒத்துவருவதில்லை என்று அதிகாரிகள் சிலர் வியப்போடு கேட்பதுண்டு. மேல்தளத்தில் குழி தோண்ட முடியாது என்பது ஒரு பதில். தரைக்கு மேலே நிற்கும் சட்டத்தறி போடலாமே என்பார்கள். போடலாம், தறியின் இடியும் பாவின் நீளமும் கீழ்வீட்டுக்காரரின் பொறுமையும் ஒத்துழைத்தால். நெசவை அறிந்தவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். ஐம்பதுகளில் ஆலைத் துணி மீது கூடுதல் தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்குத் திருப்பினார்கள். 1953ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்த நிதியில் ஒரு பங்கு நெசவாளர் குடியிருப்புகளுக்குப் போனது. கூட்டுறவுச் சங்கம் நிலம் வாங்கும், தறிக்கூடத்தோடு வீடு கட்டும், கொஞ்சம் மானியம், மிச்சம் கடன், உறுப்பினர் கூலியிலிருந்து பிடித்தம். நெசவாளர் காலனி என்ற பெயர் பல ஊர்களில் பேருந்து நிறுத்தமாகவே நிலைத்துவிட்டது. 1985ஐ ஒட்டி மத்திய அரசு, பணிக்கூடத்துடன் கூடிய வீடு என்ற திட்டத்தை ஏழாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் சேர்த்தது. பெயரிலேயே தறி வந்துவிட்டது. பொதுவாக அரசுத் திட்டங்களின் பெயரில் இவ்வளவு புத்தி இருப்பதில்லை.

காலனி வீட்டில் தவணை பிடிப்பது சங்கம். கூலி கொடுப்பதும் சங்கம். கோரா, ஜரிகை கொடுத்து, சேலையைத் திரும்பப் பெற்று, கூலியில் வீட்டுக் கடனைக் கழிக்கிறது. வேலை குறைந்த மாதங்களில் கழிக்கக் கூலியே இல்லை. சங்கம் நலிந்தால் தவணைக் கணக்கும் நலியும். சங்கம் கலைக்கப்பட்டாலோ, பேரேடும் பத்திரமும் கலைப்பு அலுவலரின் அலமாரிக்குப் போய்விடும். எழுபது வயது நெசவாளர் தன் வீட்டுக்குத் தடையின்மைச் சான்று கேட்டு, தான் உறுப்பினராக இருந்த சங்கத்தின் பழைய கணக்கரைத் தேடி அலையும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. சென்னையில் துறைகளுக்கு நடுவே நிலக் கோப்பு தூங்கியது. இங்கே உற்பத்தியும் வீடும் ஒரே பேரேட்டில் இருந்ததால் ஒன்று விழுந்தபோது மற்றதும் விழுந்தது. என் கருத்தில், நெசவாளர் வீட்டுக் கடனைக் கூலிக் கணக்கிலிருந்து பிரித்து, நிலத்தை முதல் நாளே உறுப்பினர் பெயரில் எழுதி, கடனுக்கு அதையே அடமானமாக வாங்குவதுதான் முறை. கடன் தீர்ந்த பிறகு பத்திரம் என்பதைவிட, பத்திரத்தோடு கடன் என்பது நல்லது. வங்கிகள் சம்பளக்காரருக்கு அப்படித்தானே கொடுக்கின்றன?

இதை இப்போது சொல்வதற்கு அவசரக் காரணம் ஒன்று உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுந்த அரசுக் கட்டடங்களுக்கு ஆயுள் முடிந்துவருகிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரிய அடுக்கு ஒன்று சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அந்தக் கட்டடம் தொண்ணூறுகளில் கட்டியது. அதைவிட மூத்தவை எத்தனையோ. அதற்குச் சில மாதம் முன்புதான் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியிருந்தார்கள். பழைய அடுக்குகளை இடித்துக் கட்டும் வேலை நடக்கிறது. மும்பையில் 1920களின் பி.டி.டி. சால்கள் எனப்படும் வாடகைக் குடியிருப்புகளை இடித்து, 160 சதுர அடி அறையில் வாடகைக்கு இருந்தவருக்கு 500 சதுர அடி வீட்டை இலவச உரிமையாகத் தருகிறார்கள். மும்பையில் வோர்லி போன்ற இடத்தில் மண்ணின் விலை அப்படி. மிச்ச நிலத்தில் கட்டி விற்பதில் செலவு ஈடாகிவிடும். எல்லா ஊர் மண்ணுக்கும் அந்த விலை இல்லை.

சுவர் விழுந்த பிறகு மிஞ்சுவது தரையில் உள்ள பங்கு மட்டுமே. அடுக்குமாடிப் பத்திரத்தில் அதைப் பிரிக்கப்படாத பங்கு என்று எழுதுவார்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்தது. மறுகட்டுமானத்துக்கு உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும் என்கிறது. ஒரே ஒருவர் மறுத்ததால் இடியும் கட்டடத்தில் நூறு குடும்பம் காத்திருந்த நிலை இதனால் மாறும். ஆனால் வாரியக் குடியிருப்புகளில், தவணை முடிந்தும் கிரையப் பத்திரம் கிடைக்காத ஒதுக்கீட்டுதாரர் இந்த மூன்றில் இரண்டு கணக்கில் உரிமையாளராக எண்ணப்படுவாரா, சம்மதக் கையெழுத்தை வாரியம் போடுமா, அவர் போடுவாரா என்ற வழக்குகள் இனிமேல்தான் நீதிமன்றத்துக்கு வரும். வீட்டில் பெரியவர்களின் பழைய கோப்பு வைத்திருப்பவர்கள், அதில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான் இருக்கிறதா, கிரையப் பத்திரமும் இருக்கிறதா, இருந்தால் அதில் நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறது என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.